புரதம் உறையும்போது அசைவு எங்கே போகிறது?

கேள்வி: குளிரக் குளிரப் புரதங்களின் அசைவு குறையும் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரே சீராகக் குறையுமா? அவ்வளவு நுணுக்கமான அசைவை எதை வைத்து அளக்கிறார்கள்?
– உயிர்வேதியியல் மாணவி, திருச்சி

பதில்: சீராகக் குறையாது, இதில் அழகே அதுதான். முதலில் எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். நியூட்ரான் கற்றையைப் புரதத்தின் மேல் பாய்ச்சி, அது சிதறி வருவதை அளக்கிறார்கள். எக்ஸ் கதிர் ஏன் சரிவராது என்றால், எக்ஸ் கதிர் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது, அணுவின் அசைவால் அதில் வரும் மாற்றம் கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனால் அறை வெப்பநிலைக்குத் தணித்த நியூட்ரானின் ஆற்றல் சுமார் 0.025 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது அணுக்களின் வெப்ப அசைவுக்கு நிகரான அளவு. அதனால் ஓர் அணுவில் மோதி வெளியே வரும்போது அந்த அணு எவ்வளவு அசைந்துகொண்டிருந்தது என்ற செய்தி நியூட்ரானின் ஆற்றலிலும் திசையிலும் பதிந்துவிடுகிறது.

இன்னொரு வசதி, நியூட்ரானை மிக அதிகமாகச் சிதறடிப்பது ஹைட்ரஜன். ஒரு புரதத்தில் ஏறக்குறைய பாதி அணுக்கள் ஹைட்ரஜன்தான், அவை மூலை முடுக்கெல்லாம் பரவியும் இருக்கின்றன. ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியம் சிதறடிப்பதோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! எனவே சாதாரண நீருக்குப் பதில் கனநீரால் புரதத்தை ஈரப்படுத்தினால், நீர் பின்னணியில் ஒதுங்கிக்கொள்ள, புரதத்தின் அசைவு மட்டும் தெளிவாகத் தெரியும்.

இப்படித்தான் 1989-ல் டாஸ்டர், குசாக், பெட்ரி மூவரும் மயோகுளோபினை (தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் புரதம்) ஆராய்ந்தார்கள். பிரான்சின் கிரெனோபிள் நகரில் இதற்கென்றே ஓர் அணு உலையோடு இயங்கும் லாவே-லாஞ்செவின் நிறுவனத்தில் நடந்த ஆய்வு அது. மிகக் குளிர்ந்த நிலையிலிருந்து சூடேற்றிக்கொண்டே போனால், சுமார் 180 – 200 கெல்வின் வரை, அதாவது மைனஸ் 90, மைனஸ் 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும், அசைவின் அளவு நேர்கோட்டில் மெதுவாக ஏறுகிறது. அதுவரை அணுக்கள் தம் இடத்திலேயே அதிர்கின்றன, அவ்வளவுதான். அதைத் தாண்டியதும் கோடு சட்டென்று செங்குத்தாக நிமிர்கிறது, ஏனென்றால் புரதத்தின் பகுதிகள் இப்போது ஒரு சிறு அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவத் தொடங்கிவிட்டன. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: கருவி எவ்வளவு நேர அசைவைக் கவனிக்கிறது என்பதைப் பொறுத்து அந்த முறிவுப் புள்ளி நகரும். இன்னும் மெதுவான அசைவையும் பிடிக்கும் கருவியில் அது குறைந்த வெப்பநிலையிலேயே தெரியும். ஆகவே 200 கெல்வினை பனி உருகும் புள்ளி மாதிரி கறாரான எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் அந்தப் புள்ளிக்குக் கீழே புரதம் வேலையே செய்யாதா? நீர் இல்லாமல் உலர்த்திவிட்டால் என்ன ஆகும்?
– ஆசிரியர், மதுரை

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. உலர்ந்த புரதத்தில் அந்தத் திடீர் ஏற்றம் வருவதே இல்லை. மெத்தில் தொகுதிகள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு பகுதிகள்) மட்டும் குறைந்த வெப்பநிலையிலேயே சுழல ஆரம்பிக்கும், மற்றபடி புரதம் விறைத்தே கிடக்கும். ஒரு கிராம் புரதத்துக்கு 0.3 – 0.4 கிராம் நீர் சேர்த்தால் போதும், ஏற்றம் வந்துவிடுகிறது. புரதத்தை இளக வைப்பது அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் கேள்விதான் சிக்கலானது. 1992-ல் ரிபோநியூக்ளியேஸ் (ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி) படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது, 228 கெல்வினில் ஒட்டிக்கொண்ட தடுப்பு மூலக்கூறு 212 கெல்வினில் ஒட்டவே இல்லை. உடனே "அசைவு நின்றால் வேலையும் நிற்கும்" என்று எழுதிவிட்டார்கள். ஆனால் 1998-ல் வேறொரு நொதியை உறையாத கரைப்பானில் வைத்துச் சோதித்தபோது, முறிவுப் புள்ளிக்குக் கீழேயும் அது வேலை செய்தது, மெதுவாகத்தான் என்றாலும். நியூட்ரான் காட்டுவது பிக்கோ விநாடி (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), நானோ விநாடி (நூறு கோடியில் ஒரு பங்கு) அசைவுகளை, நொதியின் வினைச் சுற்றோ பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு மெதுவானது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்பதே என் கருத்து.

கேள்வி: வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் புரதம் அதிகமாகத்தானே ஆடும்?
– வாசகர், கோவை

பதில்: அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை. 2004-ல் டெஹெய், ஸக்காய் குழுவினர் குளிரில் வாழ்வது முதல் கொதிநீருக்கு அருகில் வாழ்வது வரை பல பாக்டீரியாக்களை முழு செல்களாகவே நியூட்ரான் கற்றையில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் அது வாழும் வெப்பநிலையில் அளந்தால் அசைவு ஏறக்குறைய ஒரே அளவுதான். சூட்டில் வாழ்பவற்றின் புரதங்கள் அதிக விறைப்பானவை, அதனால்தான் அந்தச் சூட்டிலும் உருக்குலையாமல், வேலைக்குத் தேவையான அளவு மட்டும் அசைகின்றன.