வெல்பெயர் கந்தோர் வேலைக்குப் போற தங்கச்சிக்கு

கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில வெல்பெயர் கந்தோரில கேஸ்வேர்க்கர் வேலை, அதாவது உதவிக் காசு எடுக்கிற ஆக்களின்ர கோப்பைப் பாக்கிற வேலை கிடைச்சிருக்கு, குளிர் எப்பிடி, சம்பளம் காணுமோ, வேலை கஷ்டமோ எண்டு கேட்டிருந்தீங்கள் தங்கச்சி. குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்குங்கோ. சம்பளத்தை யூனியன் பாத்துக்கொள்ளும். வேலையைப் பற்றித்தான் கொஞ்சம் கதைக்க வேணும்.

ஒன்ராறியோ வேர்க்ஸ் எண்டுறதுதான் எங்கட மாகாணத்து வெல்பெயர். அதில தனி ஆளுக்கு மாதம் 733 டொலர். செலவுக்கு 343, வாடகைக்கு 390. 2018க்குப் பிறகு ஒரு சதம் ஏறேல்லை. அந்த 390உம் உச்சம்தான். வாடகை 350 எண்டால் 350தான் குடுப்பினம். எங்கட ஆக்கள் மாட்டுறது இந்த வாடகைக் கடிதத்திலதான். பேஸ்மென்ட் குடுக்கிற அண்ணை நல்ல மனசோட, 'அறையும் சாப்பாடும் சேத்து 600' எண்டு எழுதிக் குடுத்திடுவார். பெடியன் தானே அரிசி வாங்கி, தானே காய்ச்சிச் சாப்பிடுறவனா இருப்பான். ஆனால் கடிதத்தில சாப்பாடு எண்டு விழுந்தால் அவன் 'போர்டர்', அதாவது சாப்பாட்டோட தங்கிறவன். கணக்கே வேற, காசு குறையும். அதால கடிதம் கைக்கு வந்த உடன கேளுங்கோ: ஆர் சமைக்கிறது, சாமான் ஆர் வாங்கிறது, காசு ஆர் குடுக்கிறது? தன்ர சாப்பாட்டைத் தானே பாக்கிறான் எண்டால் உள்ளதை எழுதிப் புதுக் கடிதம் எடுக்கச் சொல்லுங்கோ. அவன் சொன்ன விடையை அண்டைக்கே நோட்ஸில போடுங்கோ. அடுத்த மாதம் கோப்பு வேற ஆளின்ர மேசைக்குப் போயிருக்கும்.

அடுத்த பொறி உழைப்பு. வெல்பெயர் எடுக்கிற முதல் 3 மாதம் உழைச்சது முழுக்க அந்தக் காசில கழிபடும். அதுக்குப் பிறகுதான் 200 டொலர் வரை விட்டு, மிச்சத்தில பாதியைக் கழிப்பினம். இதை ஆரும் விளங்கச் சொல்லாததால சனம் இரவு கிளீனிங் வேலையை ஒளிக்குது. பிறகு வரிக் கணக்கில அது தெரியவர, 'கூடத் தந்திட்டம், திருப்பித் தா' எண்டு கடிதம் வரும்.

அம்மா அப்பாவை ஸ்பொன்சர் பண்ணினவைக்கு 20 வருசப் பொறுப்பு. அதுக்குள்ள அம்மா அப்பா வெல்பெயர் எடுத்தால் கடன் பிள்ளையின்ர தலையில. அது தீருமட்டும் வேற ஆரையும் கூப்பிடேலாது. கையெழுத்து வைக்க முன்னமே சொல்லிவிடுங்கோ. ஆனால் அந்த அம்மா அப்பா வீட்டில அடி, துரத்திப்போட்டினம் எண்டு வந்தால் திருப்பி அனுப்பாதேங்கோ, மேலாளரோட கதையுங்கோ.

வாற சனம் கேக்காமலே நீங்கள் சொல்ல வேண்டியதும் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய்வாற செலவு மாதம் 15 டொலரோ கூடவோ எண்டால் எடுக்கலாம். சலரோகக்காரருக்கு விசேட உணவுப் படிவம் இருக்கு. பிள்ளையளுக்கு அரசாங்கம் குடுக்கிற குழந்தைப் பணத்தை வருமானமாக் கணக்கெடுக்கிறேல்லை. விண்ணப்பத்துக்குக் காசு இல்லை. போம் நிரப்பக் காசு வாங்கிற எங்கட ஆக்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் முடியாது.

அதைவிட மோசம், தாங்களும் வெல்பெயரில நிண்டு வந்த பழைய ஆக்கள். 1995 அக்டோபரில ஒன்ராறியோ முதல்வர் மைக் ஹரிஸின்ர அரசு வெல்பெயர் காசை 21.6 வீதம் வெட்டினபோது ஊரெல்லாம் புலம்பினவை, இண்டைக்கு வாற பெடியளைச் சோம்பேறி எண்டினம். அந்தக் கதையை மேசைக்குக் கொண்டுபோகாதேங்கோ.

ஆருக்கும் 'இல்லை' எண்டு கடிதம் போனால், 30 நாளுக்குள்ள எழுத்தில உள்ளக மீளாய்வு, அதாவது கந்தோரே முடிவைத் திருப்பிப் பாக்கிறது, கேக்கச் சொல்லுங்கோ. அதைக் கேக்காமல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகேலாது. வாயால சொல்லிப்போட்டு விடாதேங்கோ, திகதியைக் கடதாசியில எழுதிக் கையில குடுங்கோ.