கம்பெனி சொல்வது 24, கிடைப்பது 14: மைலேஜ் கேள்வி-பதில்

ஷோரூமில் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் என்றார்கள். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஆபீஸ் போய் வருகிறேன், 14-ஐத் தாண்டவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார்களா சார்?

ஏமாற்றவில்லை. அந்த 24 ரோட்டில் ஓட்டி எடுத்த கணக்கே இல்லை. சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் காரை ஏற்றி, சுமார் 20 நிமிடம், எழுதிவைத்த ஒரே அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து எடுக்கிறார்கள். ஏ.சி. ஓடாது. உச்ச வேகம் 90. மேம்பாலம் கிடையாது, வேகத்தடை கிடையாது, பின்சீட்டில் மாமனார் மாமியார் கிடையாது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் உதவும், மாதச் செலவுக்குக் கணக்குப் போட உதவாது. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் அதில் எண்பது சதவீதம், நெரிசலில் அறுபது சதவீதம் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். அப்படிப் பார்த்தால் உங்கள் 14 நியாயமான எண்தான்.

பெட்ரோல் எங்கே போகிறது என்று கேட்டால், நிற்கும்போது போகிறது. ஏ.சி.யோடு நிற்கும் சின்ன பெட்ரோல் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் குடிக்கும். குரோம்பேட்டை, பல்லாவரம் என்று சிக்னல் சிக்னலாக மொத்தம் 15 நிமிடம் நின்றால் கால் லிட்டர். 10 கிலோமீட்டர் நகர்வதற்கு 600 மில்லி ஆகிறது என்றால் லிட்டருக்கு 16 சொச்சம் வர வேண்டும். நின்ற கால் லிட்டரைச் சேர்த்தால் 12-க்குக் கீழே போய்விடும். உங்களுக்கு 14 வருகிறதென்றால் வண்டியை நன்றாகவே ஓட்டுகிறீர்கள்.

டிஸ்ப்ளேயில் 18 காட்டுகிறது. வீட்டுக்காரி பில்லை வைத்துக் கணக்குப் போட்டு 16 என்கிறார். யார் சொல்வது சரி?

வீட்டுக்காரிதான். டிஸ்ப்ளே பல கார்களில் கொஞ்சம் தாராளமாகவே காட்டும்.

ஆனால் அவர் கணக்கும் சரியாக வர ஒரு முறை இருக்கிறது. துப்பாக்கி தானாக நிற்கும் வரை, அதாவது ஆட்டோ கட் ஆகும் வரை, டேங்கை நிரப்பி ட்ரிப் மீட்டரைச் சைபராக்குங்கள். குறைந்தது 300 கிலோமீட்டராவது ஓடட்டும். பிறகு அதே பங்கில், முடிந்தால் அதே மெஷினில், மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள். 500 ரூபாய்க்கு, 1,000 ரூபாய்க்கு என்று போடுகிறவர்கள் மைலேஜ் பார்ப்பது வெறும் யூகம்தான். ஆட்டோ கட்டுக்குப் பிறகு "ரவுண்டாக்கிடட்டுமா சார்" என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்து வரை நிரப்பினால் பெட்ரோல் ஆவியைப் பிடிக்க வைத்திருக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோலே போய்விடும். அதை மாற்றும் செலவில் பல நாள் வண்டி ஓட்டலாம்.

என்னுடையது 2016 மாடல். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் பாதியாகிவிட்டது. பிரீமியம் பெட்ரோலுக்கு மாறலாமா?

குறையும், ஆனால் பாதியாகாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் சக்தி 6, 7 சதவீதம் குறையும். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்த பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம், புதியவற்றுக்கு 1 முதல் 2 சதவீதம் என்றுதான் சொல்கிறது. 15 தந்த கார் 14 தரலாம். 8 தருகிறதென்றால் குற்றவாளி வேறு: ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சார், அடைத்த ஏர் ஃபில்டர், இல்லாவிட்டால் வழுக்கும் கிளட்ச். மெக்கானிக்கிடம் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே பழைய ரப்பர் ஹோஸ்களையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள், எத்தனால் சில பழைய ரப்பர்களுக்கு ஆகாது.

பிரீமியம் பற்றி: அதில் ஆக்டேன், அதாவது நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன், அதிகம். அதனால் சக்தி அதிகம் என்று அர்த்தமில்லை. இன்ஜின் தட்டாமல் ஓட அது உதவும், அவ்வளவுதான். சாதாரணப் பெட்ரோலுக்குச் செய்த குடும்பக் காரில் கூடுதல் விலைக்கேற்ற மைலேஜ் கிடைக்காது.

வருடா வருடம் ஊட்டி போகிறோம். ஏறும்போது 9, 10-தான் கிடைக்கிறது. அதை ஈடுகட்ட இறங்கும்போது நியூட்ரலில் விடுகிறேன். மச்சான் இன்ஜினையே ஆஃப் செய்துவிடுவான். எது நல்லது?

இரண்டுமே வேண்டாம். முதலில் ஏற்றத்தைப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 சொச்சம் மீட்டர், ஊட்டி 2,200 சொச்சம். கார், ஆட்கள், பெட்டிகள் எல்லாம் சேர்த்து 1,300 கிலோவை 1,900 மீட்டர் தூக்குகிறீர்கள். அந்த உயரத்துக்கு மட்டுமே இரண்டரை லிட்டருக்கு மேல் ஆகும். ஐம்பது கிலோமீட்டர் நகர்வதற்கான மூன்று லிட்டர் தனி. ஆக 9, 10 கிடைத்தால் கார் சரியாக இருக்கிறது என்று பொருள்.

இனி இறக்கம். நியூட்ரலில் விடுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம், அப்போது அதில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலுக்குத் தள்ளினால் சக்கரத்தின் தொடர்பு அறுந்துவிடுகிறது. இன்ஜின் அணையாமல் இருக்க ஐட்லிங் பெட்ரோல் குடிக்கத்தான் வேண்டும். டிஸ்ப்ளேயில் உடனடி மைலேஜ் காட்டும் வண்டியாக இருந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கியரில் இறங்கும்போது எண் உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், ஐட்லிங்குக்கு வந்தால் கீழே வரும்.

பணத்தை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள். நியூட்ரலில் மொத்த எடையையும் பிரேக் மட்டுமே பிடிக்கிறது. குன்னூரிலிருந்து பர்லியார் வருவதற்குள் கருகிய வாடை அடித்தால் அது பிரேக் பேட்தான். அதற்குப் பிறகு மிதித்தால் பிடிப்பு குறைவாக இருக்கும். மச்சான் செய்வது இன்னும் மோசம். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மச்சானிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஏ.சி. போட்டால் மைலேஜ் போகும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டே திருச்சி வரை போகலாமா?

ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடி இறக்குவது மிச்சம்தான். பைபாஸில் 80-க்கு மேல் போய்விட்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போடுங்கள், உள்ளே புகும் காற்றே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதைவிடப் பெரிய விஷயம் வேகம். 80-ல் இருக்கும் காற்றுத் தடை 110-ல் கிட்டத்தட்ட இரு மடங்கு. மேலே கேரியர் போட்டுப் பெட்டி கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். மே மாத வெயிலில் ஏ.சி. இல்லாமல் குழந்தைகளை வாட்டி 100 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, விக்கிரவாண்டி தாண்டியதும் 120-ல் பறக்கிறவர்களை என்ன சொல்வது?

நாலு டயரும் புதிதாக மாற்றினேன். மைலேஜ் 1 கிலோமீட்டர் குறைந்துவிட்டது. அலைன்மென்ட் சரியாக இருக்கிறது.

அதில் ஒரு பகுதி காகிதத்தில் மட்டும் குறைந்தது. தேய்ந்த டயருக்கும் புதுசுக்கும் சுமார் 6 மில்லிமீட்டர் உயர வித்தியாசம். சக்கரத்தின் ஆரம் 300 மில்லிமீட்டர் என்றால் 2 சதவீதம். பெரிய சக்கரம் குறைவான சுற்றில் அதே தூரத்தைக் கடப்பதால் மீட்டர் 100-க்கு 98 என்று காட்டும். மீதி நிஜம்தான், புது டயரின் தடித்த ரப்பர் அதிகமாக நெளிகிறது. ஓட ஓடச் சரியாகும். ஆனால் கடைக்காரர் பேச்சைக் கேட்டு அகலமான சைஸ் போட்டிருந்தால் அந்த இழப்பு நிரந்தரம்.

காற்றையும் பாருங்கள். எந்த வண்டி வந்தாலும் 35 வைக்கும் கடைகள் உண்டு. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும், ஓடிச் சூடான பிறகு அளந்தால் கூடுதலாகக் காட்டும். இன்னொன்று, பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு ரிம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது.

நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடுமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அளவு சரியாக இருந்தால் போதும்.

வேகன் ஆர் பெட்ரோலில் 24.35, சி.என்.ஜி.யில் 34.05 என்று போட்டிருக்கிறார்கள். சி.என்.ஜி. இன்ஜின் அவ்வளவு சிக்கனமா?

இன்ஜின் ஒன்றேதான், அளவுதான் வேறு. அது லிட்டருக்கு, இது கிலோவுக்கு. ஒரு கிலோ சி.என்.ஜி.யில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் சக்தி இருக்கிறது. 34-ஐ ஒன்றரையால் வகுத்தால் 23-க்குத்தான் வருகிறது. எனவே மைலேஜை ஒப்பிடாமல், உங்கள் ஊரில் ஒரு கிலோ என்ன விலை, ஒரு லிட்டர் என்ன விலை என்று பார்த்து கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று கணக்குப் போடுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் காரின் விலையை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டரில் போட்ட பணம் திரும்பும் என்று தெரியும். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது பல வருடம் ஆகும். சிலிண்டர் வைத்த டிக்கியில் ஊருக்குப் போகும்போது பெட்டி எங்கே வைப்பது என்பதையும் வாங்குவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.