துருக்கியின் 10 சதவீத வரம்பு

கேள்வி: 2002 துருக்கித் தேர்தலில் எர்டோகனின் நீதி மற்றும் வளர்ச்சிக் கட்சி 34 சதவீத வாக்குதான் வாங்கியது. ஆனால் 550 இடங்களில் 363 கிடைத்தது எப்படி? அந்த விதி இன்னும் இருக்கிறதா?

பதில்: நாடு முழுக்க 10 சதவீத வாக்கு வாங்காத கட்சிக்கு ஓர் இடமும் கிடையாது என்ற விதிதான் காரணம். 1980 ராணுவப் புரட்சிக்குப் பின் 1983-இல் வந்த சட்டம் அது. 2002-இல் வரம்பைத் தாண்டியவை இரண்டே கட்சிகள். ஆளும் கூட்டணியின் 3 கட்சிகளும் வெளியே நின்றன. சுமார் 45 சதவீத வாக்குகள் வீணாகி, கிட்டத்தட்ட எல்லா இடங்களும் அந்த இரு கட்சிகளுக்கே போயின. மக்களாட்சிக்கு இதைவிடப் பெரிய காயம் வேண்டுமா?

சுயேச்சைகளுக்கு இந்த வரம்பு இல்லை. அதனால் 2007, 2011 தேர்தல்களில் சிறுபான்மை இனமான குர்து மக்களின் அரசியலார் சுயேச்சைகளாகவே நின்று வென்றார்கள். 2015 ஜூனில் கட்சியாகவே நின்று 13 சதவீதம் பெற்றபோது, எர்டோகனின் கட்சி பெரும்பான்மையை இழந்தது.

2022-இல் வரம்பு 7 சதவீதமானது. 2018 முதல் கூட்டணியின் மொத்த வாக்கு வரம்பைத் தாண்டினாலே போதும். ஆனால் 2022 திருத்தத்தில் ஒரு சிக்கல்: ஒரு தொகுதிக்குப் பல இடங்கள் உண்டு; தொகுதிதோறும் அவற்றைக் கூட்டணியின் மொத்த வாக்கை வைத்தல்ல, அந்தந்தக் கட்சியின் சொந்த வாக்கை வைத்தே பிரிக்கிறார்கள். சிறு கட்சி தனிப் பட்டியலில் நின்றால் வாக்கு சிதறும். 2023-இல் சில சிறு கட்சிகள் முக்கிய எதிர்க்கட்சியான குடியரசு மக்கள் கட்சியின் பட்டியலிலேயே வேட்பாளர்களை நிறுத்தியது அதனால்தான்.