செய்திக்குப் பொறுப்பு யார்? வட ஆற்காட்டு வாசகர்களின் ஆறு கேள்விகள்

செய்தி ஊடகமும் மக்களாட்சியும் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஆறு இங்கே.

காட்பாடி: சார், எங்க ஏரியா வாட்ஸ்அப் குழுவுலயே எல்லாம் உடனே வந்துடுது. பேப்பர் இல்லாட்டி மக்களாட்சிக்கு என்ன குறை?

குழுவில் வந்தது பொய் என்று தெரிந்தால் யாரைப் போய்க் கேட்பீர்கள்? நாளிதழின் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் ஆசிரியர், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். சட்டப்படி அவை இருந்தே ஆக வேண்டும். அச்சிட்டதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

குழுவுக்கு யாராவது அனுப்பினால்தான் செய்தி வரும். யாரும் அனுப்பாததைத் தேடிப் போவது நிருபர் வேலை. 1943 வங்கப் பஞ்சத்தைப் பஞ்சம் என்று அறிவிக்கவே ஆங்கிலேய அரசு மறுத்தது. அந்த ஆகஸ்டில் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தெருவில் கிடந்தவர்களின் படங்களை வெளியிட்ட பிறகுதான் மூடி மறைக்க முடியாமல் போனது. சுதந்திரமான பத்திரிகைகள் உள்ள மக்களாட்சியில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொல்வது இதனால்தான்.

பாலாற்றில் வெள்ளம் என்று வீடியோ வந்தால் கடைப் பலகை, பாலம், வண்டி எண் தெரியும் இடங்களில் நிறுத்தி மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தின் காட்சி என்றால் பழைய பதிவு பெரும்பாலும் சிக்கிவிடும். ஒரே படத்தோடு நிறுத்தாதீர்கள். ஓரம் வெட்டியோ இடவலமாகத் திருப்பியோ விட்டிருந்தால் முதல் தேடலில் சிக்காது.

ஆற்காடு: வண்டியில் பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டியவர்களுக்குத் தனி அதிகாரம் உண்டா?

இல்லை. அரசமைப்புச் சட்டம் 19(1)(அ) குடிமக்கள் எல்லோருக்கும் தரும் பேச்சுரிமைதான் பத்திரிகைக்கும். அன்றைய சென்னை மாநில அரசு ஒரு வார இதழைத் தடுத்ததை எதிர்த்து அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், 1950லேயே உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உயர்த்திப் பிடித்தது. செய்தி போடாமல் இருக்கப் பணம் கேட்டால் அது மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம். போலீசில் புகார் கொடுங்கள்.

ஆம்பூர்: ஐயா, தோல் கழிவு பற்றி எங்க பக்கம் செய்தி வர்றதே குறைவு. விளம்பரம்தான் காரணமா?

விளம்பரம் ஒரு காரணம்தான் அம்மா. நீங்கள் கொடுக்கும் விலை பேப்பர் அச்சடிக்கவே போதாது, மீதியை விளம்பரம் கட்டுகிறது. தாலுகா நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வந்த செய்திக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள். சில இடங்களில் விளம்பரம் பிடிப்பதும் அவர்கள் வேலை. காலையில் விளம்பரம் கேட்டுப் போன வாசலில் மாலையில் கழிவுநீரைப் பற்றி எப்படிக் கேட்பார்?

இதைவிடப் பெரிய குறை, எடுத்த செய்தியைத் தொடராமல் விடுவது. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991ல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது நம் பாலாற்றங்கரை வழக்கில்தான். தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு என்று உத்தரவானது. அன்று அது தலைப்புச் செய்தி. இழப்பீடு எந்தக் கிராமத்தில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எத்தனை நாள் முழுத் திறனில் ஓடுகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்க வேண்டியது ஊடகம்.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். செத்த பிறகு செய்தி வந்தது. தொட்டிக்கு அனுமதி உண்டா, அதன் கொள்ளளவு என்ன, கடைசியாக ஆய்வு செய்தது எப்போது என்பதை அதற்கு முன்பே ஒரு நிருபர் கேட்டிருக்க முடியும். உயிரைக் காப்பது அந்தச் செய்திதான்.

திருப்பத்தூர்: தேர்தல் நேரத்தில் காசு வாங்கிப் போட்ட செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பேப்பரில் சொல்லுக்குச் சொல் ஒரே வாசகம், நிருபர் பெயர் இல்லை, ஒரே வேட்பாளர் புகழ், எதிர்த்தரப்பு ஒரு வரிகூட இல்லை. இவை சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம். இரண்டையும் தேதி, பக்க எண் தெரிய வெட்டி எடுத்து, கலெக்டர் அலுவலகத்தில் இயங்கும் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவிடம் அன்றே கொடுங்கள். நிரூபணமானால் அந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அது வேட்பாளர் செலவுக் கணக்கில் ஏறும். பணப் பட்டுவாடா புகாரால் 2019ல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. காசு வாங்கிய செய்தியும் வாக்காளரை விலைக்கு வாங்கும் வேலைதான், சிறு குற்றமாக எண்ண வேண்டாம்.

வாலாஜாபேட்டை: எங்கள் குடும்பத்தைப் பற்றித் தவறாகப் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வரி தவறு, சரியானது எது, அதற்கு ஆதாரம் என்ன என்று மட்டும் இருக்கட்டும். திட்டி எழுதினால் தவறு பின்னால் போய்விடும், உங்கள் கோபம்தான் கண்ணில் படும். மறுப்பு வரவில்லையென்றால் டெல்லியில் உள்ள இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் போங்கள். நாளிதழ், வார இதழ் என்றால் வெளிவந்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள் புகார் போக வேண்டும். ஆசிரியருக்கு எழுதிய நகல் இல்லாமல் போவதும், தமிழ்ச் செய்திக்கு மொழிபெயர்ப்பு வைக்காமல் விடுவதும்தான் பலர் தடுக்கி விழும் இடங்கள். மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது, டிவிக்கும் அது பொருந்தாது. மன்றத்துக்குப் பல் இல்லை என்பது உண்மையான குறை, சட்டத்தில் திருத்த வேண்டியது. நஷ்டஈடு வேண்டுமென்றால் நீதிமன்றம்தான்.

குடியாத்தம்: அண்ணா, போட்ட ரோடு ஆறு மாசத்துல பேந்துடுச்சு. நிருபரிடம் சொன்னா ஆதாரம் கேட்கிறார்.

அவர் கேட்பது சரி தம்பி. ஆதாரத்தை நீங்களே வாங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ரோடு போட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டுங்கள். "ஏன் ரோடு பேந்தது" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: எஸ்டிமேட், ஒப்பந்த உத்தரவு, எம்.புக் என்கிற அளவுப் புத்தகம், தரச் சோதனை அறிக்கை, பில் தொகை கொடுத்த விவரம். தெருப் பெயரும் ஆண்டும் கட்டாயம் இருக்கட்டும். சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி வேலையை நேரில் பார்க்கவும் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூட உரிமை உண்டு.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதற்கும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காரணமில்லாமல் இழுத்தடித்தவருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் போடலாம்.

நகல் வந்ததும் எம்.புக்கில் எழுதிய கனத்தையும், பேந்த இடத்தின் ஓரத்தில் ஸ்கேல் வைத்து அளந்த கனத்தையும் ஒப்பிடுங்கள். ஸ்கேலோடு போட்டோ எடுத்து, நகலில் அந்த வரியைக் கோடிட்டு, இரண்டையும் ஒன்றாகப் பின் பண்ணி நிருபரிடம் கொடுங்கள். ஒரே பேப்பரை நம்பி இருக்காமல் இரண்டு பேப்பருக்கு ஆளுக்கு ஒரு செட் தரலாம்.