அட்மிரல் ராம்தாஸ் ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராம்தாஸ், ஓய்வுக்குப் பிறகு எப்படி அணு ஆயுத எதிர்ப்பாளர் ஆனார் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு முதலில் 1971 இந்திய-பாகிஸ்தான் போரைப் பார்க்க வேண்டும்.

அப்போது எல். ராம்தாஸ், ஐ.என்.எஸ். பியாஸ் போர்க்கப்பலின் கேப்டன். கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) கடற்கரைக்குக் கப்பல் எதுவும் வரவோ அங்கிருந்து தப்பவோ முடியாதபடி வங்கக்கடலில் மறித்து நின்ற படையில் பியாஸும் ஒன்று. அந்தப் போருக்காக அவருக்கு வீர் சக்ரா கிடைத்தது. அப்புறம் 1990 முதல் 1993 வரை தலைமைத் தளபதி. 1992-இல் கடற்படையில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர ஆரம்பித்தது அவர் காலத்தில்தான்.

ஓய்வு பெற்றதும் மகாராஷ்டிரத்தின் அலிபாக் அருகே ஒரு கிராமத்தில் குடியேறி விவசாயம் பார்த்தார். இரு நாடுகளுக்கிடையே அமைதி வேண்டும் என்று இயங்கிய இந்திய-பாகிஸ்தான் மக்கள் மன்றத்தில் தீவிரமாக உழைத்தார். 2004-இல் அமைதிக்கான மகசேசே விருதை பாகிஸ்தானின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஐ.ஏ. ரஹ்மானுடன் பகிர்ந்துகொண்டார். யாருக்கு எதிராகக் கப்பல் ஓட்டினாரோ, அந்த நாட்டுக்காரரோடு ஒரே விருது! எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான். அணு ஆயுதங்கள் வேண்டாம் என்பதைப் போரை நேரில் பார்த்தவர் சொன்னதால் அவர் பேச்சுக்குத் தனி எடை இருந்தது.

பிறகு ஆம் ஆத்மி கட்சியின் உள் லோக்பாலாகவும் (கட்சிக்குள் எழும் புகார்களை விசாரிப்பவர்) இருந்தார். 2015-இல் அந்தப் பொறுப்பிலிருந்து கட்சி அவரை நீக்கியது. 2024 மார்ச்சில் தமது 90-ஆவது வயதில் ஐதராபாத்தில் காலமானார்.