மலையகச் சிறு நகரத்துக்குக் குடிபெயரலாமா? கேள்வி பதில்

தலவாக்கலையில் பிறந்தேன். கொழும்பில் 19 வருடங்கள் கட்டடப் படவரைஞனாக வேலை செய்துவிட்டு 2012இல் ஹட்டனுக்குத் திரும்பினேன். இங்கே வீடு கட்டுபவர்களுக்குப் படம் வரைந்து கொடுப்பதுதான் இப்போதும் என் தொழில். கொழும்பை விட்டு மலைக்கு வர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். இங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. ஹட்டனா, பண்டாரவளையா? (வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, இரண்டு ஊரும் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கின்றன. அதனால் காலநிலையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். மலையின் எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். ஹட்டன் தென்மேல் பருவக்காற்றை நேரே வாங்கும் பக்கம். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை மழை விட்டுவிட்டாவது பெய்துகொண்டே இருக்கும். பக்கத்து வட்டவளை தீவிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மலையின் கிழக்கே, ஊவாப் பக்கத்துப் பண்டாரவளையில் அதே ஜூலை மாதத்தில் வெயிலும் வறண்ட காற்றும். அங்கே பெருமழை ஒக்டோபரில்தான் தொடங்கும்.

மழை என்றால் குடையோடு முடிகிற விடயம் இல்லை. ஜூலையில் பிள்ளையின் காலுறை மூன்று நாள் கொடியில் கிடந்தும் காயாது. கடைசியில் அடுப்புக்கு மேலே கம்பி கட்டித்தான் காய வைப்போம். அலுமாரியில் வைத்த தோல் சப்பாத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் ஹட்டனைப் பற்றி இரண்டு முறை யோசியுங்கள்.

ஏப்ரல் விடுமுறையில் வந்து, பூவையும் பனியையும் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஒரு வருடத்தில் சாமான்களை லொறியில் ஏற்றித் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஊரின் மோசமான மாதங்களில் வந்து, மூன்று மாதமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். அதைத் தாங்கினால் மீதி மாதங்கள் சொர்க்கம்.

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படிக்க ஆசைப்படுகிறாள். இப்போது இடம் மாறலாமா? (தெகிவளை)

பதில்: ஐயா, மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறேன், இப்போது வேண்டாம். நல்ல பாடசாலைகள் இங்கே உண்டு. ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியின் பெயரை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் தமிழ் மொழியில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பது மலையகத்தின் நெடுநாள் துயரம். ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்த நாற்காலி எத்தனை தவணை காலியாகக் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகள் அந்த நிலைமையிலும் பல்கலைக்கழகம் போகிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. என்றாலும் கொழும்பில் ஆசிரியரும் வகுப்பும் அமைந்திருக்கும் ஒரு பிள்ளையை நடுவில் பிடுங்கி நட வேண்டாம். வந்தே ஆக வேண்டுமென்றால், வீடு பார்ப்பதற்கு முன் பாடசாலைக்குப் போய் அதிபரைச் சந்தியுங்கள். எந்தப் பாடத்துக்கு இப்போது ஆசிரியர் இருக்கிறார் என்று நேராகவே கேளுங்கள்.

கேள்வி: ஓய்வுக் காலத்துக்காக 20 பேர்ச் காணி பார்த்திருக்கிறேன். தோட்டத்தின் ஓரம், மலைச்சரிவு, அருமையான காட்சி, விலையும் குறைவு. வாங்கலாமா? (கனடா)

பதில்: அண்ணன், உங்கள் கேள்வியைப் படித்ததும் மூன்று விடயங்கள் எனக்குக் கலக்கம் தருகின்றன.

முதலில் உங்கள் குடியுரிமை. வெளிநாட்டவருக்குக் காணியின் உரிமையை மாற்றுவதை 2014ஆம் ஆண்டின் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் மேலே பேசலாம்.

அடுத்தது உறுதி, அதாவது காணிப் பத்திரம். விற்பவரிடம் இருப்பது முழு உரிமை தரும் சின்னக்கர உறுதியா என்று பாருங்கள். தோட்டக் காணிகள் 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகள் அவற்றைக் குத்தகைக்கு நடத்துகின்றன. அந்தக் காணியில் ஒரு துண்டை வெறும் கடதாசியில் எழுதி விற்க எவருக்கும் உரிமை இல்லை. உங்களுக்குத் தெரிந்த நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்காவது தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் காட்டும் நொத்தாரிசு வேண்டாம்.

மூன்றாவது அந்தச் சரிவு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கித் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் முழுவதும் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதைக் கனடாவிலிருந்து நீங்களும் பார்த்துப் பதறியிருப்பீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆபத்து அறிக்கை கைக்கு வரும்வரை முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

அறிக்கை வருவதற்கு முன்பே உங்கள் கண்ணால் பார்க்கக்கூடியவையும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டை அகலப்படுத்தப் படம் வரையக் கூப்பிட்டார்கள். சமையலறைக் கதவு பாதியில் இறுகி நின்றது. மழைக்குப் பலகை ஊதியிருக்கிறது என்றார் வீட்டுக்காரர். நிலையின் மேல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு வெடிப்பு ஓடியதைப் பார்த்தேன். வெடிப்பு இன்னும் விரிகிறதா என்று அறிய, அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் வாரம் போனபோது கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. பின்னால் ஏறிப் பார்த்தால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கை நுழையும் அளவுக்கு நிலம் பிளந்து கிடந்தது. நான் படம் வரையவில்லை. அவர்களை அங்கிருந்து கிளப்புவதற்குத்தான் பாடுபட்டேன்.

எனவே காட்சியை ரசிப்பதை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஏறுங்கள். மரங்களும் விளக்குக் கம்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, புதிதாக ஊற்றுக் கண் திறந்திருக்கிறதா, ஊற்று நீர் சேறாக வருகிறதா என்று பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது இங்கே நாங்கள் வைத்திருக்கும் கணக்கு.

கேள்வி: அம்மாவுக்கு இருதய நோய். வைத்திய வசதி எப்படி? (கொட்டாஞ்சேனை)

பதில்: அன்றாடத் தேவைக்குக் குறை இல்லை. இந்திய உதவியோடு கட்டி 2017இல் திறந்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை ஹட்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நுவரெலியாவிலும் பதுளையிலும் பெரிய வைத்தியசாலைகள் உண்டு. ஆனால் இருதயத்துக்கு விசேட சிகிச்சை என்றால் பெரும்பாலும் கண்டி அல்லது கொழும்பு. ஹட்டனிலிருந்து கண்டிக்கு வளைந்து வளைந்து இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் பனிமூட்டம் இறங்கினால் இன்னும் கூடும். அம்மாவோடு மலைப்பக்கம் வர விரும்பினால் கம்பளையையும் சேர்த்துப் பாருங்கள். குளிர் குறைவு, கண்டி கிட்ட.

கேள்வி: செலவு உண்மையிலேயே குறையுமா?

பதில்: வாடகை குறையும். மரக்கறி புதிதாகக் கிடைக்கும். ஆனால் மேலே ஏறி வரும் சாமானுக்கெல்லாம் லொறிக் கூலி சேரும். வெந்நீருக்கு மின்சாரம், கம்பளி, மாதத்துக்கு இரண்டு முறை கொழும்புப் பயணம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். சேமிக்க மட்டும் வருகிறீர்கள் என்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். கணவருக்கு பண்டாரவளையில் வேலை. ஊரார் எங்களை ஏற்றுக்கொள்வார்களா?

பதில்: ஏற்றுக்கொள்வார்கள் அம்மா. மாரியம்மன் திருவிழாவில் ஒரு நாள் அன்னதானத்துக்குக் கை கொடுத்தால் போதும், அடுத்த வாரம் உங்கள் வீட்டு வாசலில் யாராவது ஒருவர் லீக்ஸ் கட்டோடு நிற்பார்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மலையகத் தமிழரை இழிவாகக் குறிக்கும் ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல் உங்கள் வீட்டில் பிள்ளைகள் காதில்கூட விழக் கூடாது. இந்த மக்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருடங்கள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவார்கள், ஊசி போடுவார்கள். என் தாய் கொழுந்து பறித்தவர். அந்தச் சொல்லைக் கொழும்பில் பலமுறை கேட்டிருக்கிறேன். இன்னும் வலிக்கிறது.

சின்ன ஊர் என்பதால், இன்று நீங்கள் கடையில் என்ன வாங்கினீர்கள் என்பது நாளை தெருவுக்கே தெரிந்திருக்கும். அதை வேவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சி கொண்டுவருவதும் அதே ஆட்கள்தான்.

கேள்வி: நான் முதலில் கேட்ட வெள்ளவத்தை ஆள்தான். அண்ணே, ஜூனில் ஹட்டனுக்கு வந்து பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டோம். வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நல்ல முடிவு தங்கச்சி. காலையில் வெயில் படும் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். கூரை ஒழுகலை மறைக்கப் புதிதாகப் பூசிய சுவரைக் கையால் தடவிப் பாருங்கள், ஈரம் தெரிந்துவிடும். மழை கொட்டும் நேரத்தில் அந்த வீட்டுக்குள் நின்று ஒரு வீடியோ அழைப்பு எடுத்துப் பாருங்கள், உங்கள் வேலை அதை நம்பித்தானே இருக்கிறது. வரும் முன் ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரியுங்கள். டித்வா மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்துவிட்டது. பஸ் என்றால் அவிசாவளை, கித்துல்கல வழி. ஆளுக்கு இரண்டு சோடி சப்பாத்துக் கொண்டுவாருங்கள், ஒன்று எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.