கரிந்த அரிசி மணிகள்: காட்டு நெல்லா, பயிர் நெல்லா?

வணக்கம். அகழாய்வுக் குழியிலிருந்து எடுத்த மண்ணை 1 மி.மீ. சல்லடையில் அலசிக் கிடைத்த கரிந்த அரிசி மணிகளின் நீள அகலத்தை மட்டும் வைத்து, அவை பயிரிடப்பட்ட நெல்லா என்று முடிவுகட்ட இயலுமா எனக் கேட்டிருந்தீர்கள். இயலாது என்பதே என் கருத்து. தீயில் கருகும்போது மணியின் நீளம் குறைந்து உருவம் மாறிவிடும். முற்றாத மணிகளும் சிறுத்தே இருக்கும்.

தாங்கள் தேட வேண்டியது, மணி காம்போடு சேரும் அடிப்பகுதியை. காட்டு நெல் முற்றியதும் தானே உதிர்வதால், காம்பிலிருந்து பிரிந்த இடத்தில் அதன் தழும்பு வழவழப்பாகவும் வட்டமாகவும் இருக்கும். பயிர் நெல்லை அடித்துப் பிரிப்பதால் தழும்பு பிய்ந்து, குழிந்து, ஒழுங்கற்றுக் காணப்படும். முற்றுமுன் அறுத்த கதிரில் நார்த்துணுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பயிர்க் கணக்கில் சேர்க்காமல் தனியே எண்ணுங்கள். சீனாவின் தியான்லுவோஷான் என்னும் அகழாய்வுத் தளத்தில் மணியின் இவ்வகை அடிப்பகுதித் துணுக்குகளை எண்ணியே, இன்றைக்கு 6900 முதல் 6600 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில் தானே உதிராத பயிர் நெல்லின் பங்கு 27 விழுக்காட்டிலிருந்து 39 ஆக மெல்ல உயர்ந்ததைக் கண்டறிந்தனர்.

இந்த அடிப்பகுதித் துணுக்குகள் தங்கள் சல்லடையில் நழுவிப் போயிருக்கும். மண் மிச்சமிருந்தால் அதை நீரில் கரைத்து, மிதப்பவற்றை 0.3 மி.மீ. வலையில் பிடித்தெடுங்கள் (கொசுவலை இதற்கு உதவாது). வெயிலில் காயவைத்தால் கரி வெடிக்கும் என்பதால் நிழலில் உலர்த்துங்கள். காலக்கணிப்புக்கு விறகுக்கரியை விட நெல்மணியையே அனுப்புவது நல்லது. முதிய மரத்தின் கரி, உண்மையைவிடப் பழைமையான காலத்தைக் காட்டிவிடும்.